மான்சியா, திட்டமா? கோவையில் கோப்பை வென்ற அணியும் ஈரோட்டு ரசிகரின் தீராத வாதமும்

2019 மார்ச் 9, சனிக்கிழமை மாலை. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஒரு கால்பந்து ஆட்டம். அந்தப் பக்கம் கோழிக்கோட்டில் இன்னொரு ஆட்டம். இந்தியாவின் ஐ-லீக் சாம்பியன் யார் என்பது இந்த இரண்டு மைதானங்களிலும் ஒரே நேரத்தில் முடிவாக வேண்டியிருந்தது.

கோவையில் ஆடிய சென்னை சிட்டி எஃப்சி 40 புள்ளிகளோடு முதலிடத்தில் இருந்தது. கோழிக்கோட்டில் கோகுலம் கேரளாவை எதிர்த்து ஆடிய ஈஸ்ட் பெங்கால் 39 புள்ளிகளோடு பின்னாலேயே நின்றது. கோவையில் டிரா ஆனாலும் போச்சு. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். எதிரணியான மினர்வா பஞ்சாப் ஒரு கோல் போட்டுவிட்டது. இடைவேளையில் சென்னை சிட்டி 0-1 எனப் பின்தங்கி இருந்தது.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரண்டாம் பாதியில் மூன்று கோல் போட்டு 3-1 என்று ஜெயித்தது சென்னை சிட்டி. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு 2-1 என்று ஜெயித்தது. கடைசிக் கணக்கு 43-க்கு 42. ஒரே ஒரு புள்ளி. கொங்கு மண்ணில் ஆடிய ஒரு அணி தேசிய லீக் சாம்பியன் ஆனது அப்படித்தான்.

அந்த மாலையிலிருந்தே ஒரு வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஈரோட்டில் கால்பந்து பார்க்கிறவர்கள் நாலு பேர் டீக்கடையில் கூடினால் இது வராமல் இருக்காது. அந்த அணியை ஜெயிக்க வைத்தது யார்? கோல் மழை பொழிந்த பெட்ரோ மான்சியா? அவரைச் சுற்றி ஒரு ஆட்ட முறையைக் கட்டிய பயிற்சியாளர் அக்பர் நவாஸா? சும்மா பொழுதுபோக்குக்கான கேள்விபோலத் தெரியலாம். அந்த அணிக்குப் பின்னால் என்ன ஆனது என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வி உதவும்.

முதலில் பெயர்க் குழப்பம்

சென்னையின் எஃப்சி வேறு, சென்னை சிட்டி எஃப்சி வேறு. முன்னது ஐஎஸ்எல் அணி. சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஆடுவது. பின்னது ஐ-லீக் அணி. 2016-17 சீசனில் நேரடி அனுமதி பெற்று லீக்குக்குள் வந்தது. அடுத்த சீசனிலேயே சொந்த மைதானத்தைக் கோவைக்கு மாற்றிக்கொண்டது. பெயரில் மட்டும்தான் சென்னை. கேலரியில் கேட்டதெல்லாம் கொங்குத் தமிழ்.

ஈரோட்டுக்காரருக்கு இதில் ஒரு வசதி. கோவைக்கு ரயிலில் 100 கி.மீ. அளவுதான். ஸ்டேடியம் வ.உ.சி. பூங்காவை ஒட்டி இருக்கிறது. (ஈரோட்டிலும் வ.உ.சி. பூங்காவும் மைதானமும் உண்டு. வழி கேட்கும்போது எந்த ஊர் என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.) மதியம் ரயிலேறினால் மாலை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேரலாம். தேசிய லீக் கால்பந்து அவ்வளவு பக்கத்தில் வந்திருந்தது.

ஆனால், வந்த புதிதில் பார்க்கச் சகிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2017-18இல் 10 அணிகள் ஆடிய லீக்கில் சென்னை சிட்டிக்கு எட்டாம் இடம். 18 ஆட்டங்களில் 19 புள்ளிகள். அப்போதைய நட்சத்திரம் கன்னியாகுமரி கடற்கரை ஊர்க்காரரான மைக்கேல் சூசைராஜ். அவரும் 2018இல் ஜாம்ஷெட்பூர் எஃப்சிக்குப் போய்விட்டார். இருந்த ஒருத்தரும் போய்விட்டாரே என்று நினைத்த அதே கோடையில்தான் அணியின் முகமே மாறியது.

அக்பர் நவாஸ் என்ன செய்தார்?

அக்பர் நவாஸ் சிங்கப்பூர்க்காரர். அங்கே டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். 2018இல் சென்னை சிட்டிக்கு வந்ததும், அணியின் முதுகுத்தண்டை ஒரே மொழி பேசுகிறவர்களைக் கொண்டு அமைத்தார். கோல் கீப்பர் நவ்செட் சான்டானா. அவருக்கு முன்னால் ஸ்டாப்பர் ராபர்டோ எஸ்லாவா. நடுக்களத்தில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ். அவருக்கும் முன்கள வீரருக்கும் நடுவே நெஸ்டர் கோர்டில்லோ. உச்சியில் பெட்ரோ மான்சி. மைதானத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு முழுக்க ஸ்பானிய மொழி.

இதில் என்ன பெரிய விஷயம்? ஐ-லீக்கில் அப்போது பல அணிகள் வெளிநாட்டு வீரர்களைத் தனித்தனியாகத்தான் பொறுக்கி எடுப்பார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு முன்கள வீரர், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு ஸ்டாப்பர், ஜப்பானிலிருந்தோ மத்திய ஆசியாவிலிருந்தோ ஒரு நடுக்கள வீரர். அவரவர் திறமை இருக்கும். ஆனால், பந்து யார் காலில் இருக்கும்போது யார் எங்கே நிற்க வேண்டும் என்பதில் ஆளுக்கொரு பழக்கம். அது ஒத்துவருவதற்குள் பாதி சீசன் முடிந்துவிடும். அக்பர் நவாஸ் எடுத்துவந்த ஆட்களுக்கு அந்தத் தாமதம் இல்லை. ஸ்பெயினில் கீழ்நிலை லீக்குகளில் ஆடுகிறவர்கூட, பந்தைக் காலில் வைத்து, குட்டிப் பாஸ்களாகக் கொடுத்து, ஆளை இழுத்து, காலியான இடத்தில் நுழையும் பாடத்தைச் சிறுவயதிலிருந்தே படித்திருப்பார்.

கோவையில் பார்த்ததும் அதுதான். கீப்பர் கையில் பந்து வந்தால், அதை வானத்துக்கு உதைத்து விடுவதில்லை. பக்கத்தில் நிற்கும் எஸ்லாவாவுக்குக் கொடுப்பார். அங்கிருந்து சாண்ட்ரோவுக்கு. எதிரணி பந்தைப் பறிக்க முன்னேறி வரும். அவர்களுக்குப் பின்னால் இடம் காலியாகும். அந்த இடத்தில் நெஸ்டர் நிற்பார். அவர் திரும்பினால் எதிரே மான்சி ஓடிக்கொண்டிருப்பார்.

கேலரியில் புதிதாக வந்து உட்கார்ந்தவருக்கு இது பயமாக இருந்திருக்கும். “ஏனுங்ணா, எதுக்கு இவ்வளோ பின்னாடி பந்த வெச்சு வெளையாடறாங்க? அடிச்சு முன்னால தள்ள வேண்டியதுதானே!” என்று கத்துகிற ஆள் எந்த மைதானத்திலும் உண்டு. கோவை ஸ்டேடியத்தில் கேலரிக்கும் ஆடுகளத்துக்கும் நடுவே தடகள ஓடுதளம் வேறு இருக்கிறது. வீரர்கள் தூரத்தில் தெரிவார்கள். ஒரு வகையில் அது நல்லது. முகம் சரியாகத் தெரியாது. ஆனால் யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் காலியாகிறது என்ற வடிவம் நன்றாகத் தெரியும். நாலு ஆட்டம் தொடர்ந்து பார்த்தவருக்கு அந்தப் பின்பாஸின் அர்த்தம் தானாகவே புரிந்துவிடும்.

மான்சி கட்சி என்ன சொல்கிறது?

“அதெல்லாம் சரிங்க. கோல் யார் போட்டது?” இதுதான் மான்சி கட்சியின் ஒரே கேள்வி. லேசில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வியும்கூட.

2018 அக்டோபரில் கோவையில் நடந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே இந்தியன் ஏரோஸுக்கு எதிராக ஹாட்ரிக் அடித்தார் மான்சி. ஆட்டம் 4-1. சீசன் முடியும்போது அவர் கணக்கில் 21 கோல்கள். சர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவும் அதே 21. லீக்கில் வேறு யாரும் பக்கத்தில்கூட இல்லை.

அணி மொத்தமாக 20 ஆட்டங்களில் போட்டது 48 கோல்கள். அதில் 21 மான்சியுடையது என்றால் நூற்றுக்கு 44. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் 27. இரண்டாமிடம் பிடித்த ஈஸ்ட் பெங்கால் மொத்தமாகப் போட்டது 37. மான்சி கட்சிக்காரர் இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்தது.

இந்த இடத்தில் திட்டக் கட்சிக்காரர் கபடியை இழுப்பார். ஈரோட்டில் கபடி தெரியாத ஆள் யார்? ரெய்டர் போய்த் தொட்டு வருகிறார், அவர் பெயரில் புள்ளி விழுகிறது. ஆனால், எதிரணியில் ஆள் குறைந்திருக்கும்போது போவதற்கும், ஏழு பேரும் நிற்கும்போது போவதற்கும் வித்தியாசம் உண்டல்லவா? பின்னால் கார்னரில் நிற்கிறவர் எதிரணி ரெய்டரை மடக்கிப் பிடித்திருந்தால்தான் நம் ரெய்டருக்கு வேலை சுலபம். மான்சிக்கு மைதானத்தில் ஆள் குறைத்துக் கொடுத்தது நெஸ்டரும் சாண்ட்ரோவும்தான் என்பது இவர்கள் வாதம். நெஸ்டரை மறிக்க ஒரு ஸ்டாப்பர் முன்னால் வந்தால் மான்சிக்கு ஒரே ஒரு ஸ்டாப்பர்தான் மிச்சம். அவரைத் தாண்ட மான்சிக்குத் தெரியும்.

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் மிகையும் இருக்கிறது. இடம் உண்டாக்கிக் கொடுத்தால் போதும், யார் வேண்டுமானாலும் கோல் போடலாம் என்பது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற பேச்சு. கிடைக்கிற அரை வினாடியில் பந்தை எந்தக் காலுக்கு எடுப்பது என்று முடிவு செய்வது தனிக் கலை. மான்சியிடம் அது இருந்தது. இந்திய அணிகள் பல வருடமாகத் தேடுவதும் அதைத்தான்.

தமிழக வீரர்கள் எங்கே இருந்தார்கள்?

இந்த வாதத்தில் அடிக்கடி விட்டுப்போகிற பக்கம் இது. முதுகுத்தண்டு ஸ்பானியம் என்றால் கையும் காலும் நம்மவர்கள். எட்வின் சிட்னி வன்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ யேசுராஜ், அஜித்குமார் ஆகியோர் அந்த அணியில் வளர்ந்தவர்கள்.

நடுவில் குட்டிப் பாஸாகப் போய்க்கொண்டே இருந்தால் எதிரணி மொத்தமும் நடுவில் வந்து குவிந்துவிடும். அப்போது ஓரத்தில் ஓடுகிற ஆள் வேண்டும். ரொமாரியோவின் வேகம் அங்கேதான் பயன்பட்டது. எட்வின் வேறு மாதிரி. வலப்பக்கத் தற்காப்பிலும் நிற்பார், நடுக்களத்திலும் நிற்பார். எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே போய் அடைக்கிற வேலை. இந்த வேலைக்குக் கைத்தட்டல் குறைவு. அடுத்த சீசனில் அவர் இல்லாதபோதுதான் அந்த இடத்தின் அருமை தெரிந்தது.

ரசிகர்களுக்கு ஒரு மனக்குறையும் இருந்தது. நடுவில் முக்கியமான இடங்கள் எல்லாமே வெளிநாட்டவருக்கு. நம் பையன்களுக்கு ஓரத்தில் ஓடுகிற வேலைதானா? நியாயமான கேள்விதான். இந்திய கிளப்புகள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற கேள்வியும்கூட. ஸ்டாப்பர், பிளேமேக்கர், முன்கள வீரர் இடங்களில் வெளிநாட்டவரை நிறுத்துவது வாடிக்கையாகிவிட்டதால்தான் தேசிய அணிக்கு அந்த இடங்களில் ஆள் கிடைப்பதில்லை என்ற பேச்சு நெடுநாளாக உண்டு. கோப்பை ஜெயிக்க வேண்டிய பயிற்சியாளருக்கு இதில் ஒன்றும் செய்வதற்கில்லை.

28 கோல் வாங்கிய சாம்பியன்

புகழ்ந்தே பேசிக்கொண்டிருந்தால் அவர் ரசிகரே இல்லை. குறை சொல்ல வேண்டும். சென்னை சிட்டியில் சொல்லக் குறை இருந்தது. அந்த சீசனில் அணி வாங்கிய கோல்கள் 28. ஆட்டத்துக்கு 1.4. இரண்டாமிடம் வந்த ஈஸ்ட் பெங்கால் வாங்கியது 20தான்.

காரணம் அதே ஆட்ட முறைதான். கீப்பரிலிருந்து கட்டி ஆடும்போது நடுவில் ஒரு பாஸ் பிசகினால் எதிரணி உங்கள் கோல் வாசலிலேயே நிற்கும். அணி முழுக்க முன்னால் ஏறி நிற்பதால் பின்னால் ஓடிப்போய் மறிக்க ஆள் இருக்காது. இதைத் தெரிந்தேதான் அக்பர் நவாஸ் ஆடவைத்தார் என்று நினைக்க இடமிருக்கிறது. ஒன்று வாங்கினால் இரண்டு போடுவோம் என்ற கணக்கு. ஆட்டத்துக்கு 2.4 கோல் போடுகிற அணிக்கு 1.4 கோல் வாங்குவது கட்டுப்படியாகும். முன்னால் போடுவது குறைந்தால்? அப்போது இதே கணக்கு தலைகீழாகும்.

ஆனால், முக்கியமான ஆட்டங்களில் இந்தத் துணிச்சல் பலன் தந்தது. ஈஸ்ட் பெங்காலை 2018 நவம்பரில் கொல்கத்தாவிலேயே 2-1 என்று வென்றது சென்னை சிட்டி. 2019 ஜனவரியில் கோவையிலும் 2-1. கடைசியில் ஒரு புள்ளியில் முடிந்த லீக்கில் இந்த ஆறு புள்ளிகளும் எவ்வளவு பெரியவை என்று பாருங்கள். இரண்டில் ஒன்று டிரா ஆகியிருந்தால் ஈஸ்ட் பெங்கால் 43, சென்னை சிட்டி 41. கதை முடிந்திருக்கும். முன்னிலை பெற்றதும் பின்வாங்கி நின்று காப்பாற்றுகிற அணியாக இருந்திருந்தால் கோல் குறைவாக வாங்கியிருக்கலாம். இந்த இரண்டு வெற்றியும் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

கடைசி நாள் சொன்ன பதில்

இப்போது மார்ச் 9-க்குத் திரும்புவோம். இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்டி கிடைத்தது. மான்சி அடித்தார், 1-1. ஆனால், டிரா போதாது. அடுத்த கோலை யார் போட்டது?

கௌரவ் போரா. அசாம் வீரர். கோல் போடுவது அவர் வேலையே இல்லை. பந்தைப் பறித்துப் பின்னால் காவல் காப்பதுதான் வேலை. அவர்தான் 2-1 ஆக்கினார். ஆட்டம் முடியும் தறுவாயில் 3-1 ஆக்கியதும் அவர்தான். கோப்பையைத் தீர்மானித்த ஆட்டத்தில் இரண்டு கோல்.

திட்டக் கட்சிக்காரர் இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா என்பார். மான்சியை மறிக்க எல்லோரும் போனார்கள், போரா காலியாக இருந்தார் என்பது அவர் விளக்கம். மான்சி கட்சிக்காரரும் விடமாட்டார். “இல்ல தம்பி, பெனால்டிய அவர் போடலைன்னா போரா போட்டு என்ன ஆகியிருக்கும்?” என்பார். 0-1 என்று இருந்த அழுத்தத்தில் பெனால்டி அடிப்பது சாதாரணமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்தான்.

இன்னொரு பரீட்சை ஏப்ரலில் வந்தது. புவனேஸ்வரில் நடந்த சூப்பர் கோப்பையில், ஐ-லீக் அணிகளும் ஐஎஸ்எல் அணிகளும் ஒரே தொடரில் மோத வேண்டும். பல ஐ-லீக் அணிகள் அந்தத் தொடரைப் புறக்கணித்தன. சென்னை சிட்டி போனது. காலிறுதியில் அந்த வருட ஐஎஸ்எல் சாம்பியனான பெங்களூரு எஃப்சியை 2-1 என்று வீழ்த்தியது. சுனில் சேத்ரி ஆடிய அணியை! இரண்டு கோலும் நெஸ்டர் போட்டவை. ஐஎஸ்எல்தான் பெரிசு, ஐ-லீக் சின்னது என்று பேசியவர்களுக்கு அன்று கொங்கு ரசிகர்கள் சொன்ன பதில் காது குளிரக் கேட்டிருக்கும்.

அரையிறுதியில் எஃப்சி கோவா 3-0 என்று சென்னை சிட்டியை நொறுக்கியது. கோவாவும் பந்தை வைத்து ஆடுகிற அணி, அதே வேலையை இன்னும் நேர்த்தியாகச் செய்கிற அணி. 28 கோல் பிரச்சினை அன்று மொத்தமாக வெளியே வந்தது என்று சொல்லலாம்.

மான்சி போன பிறகு

இந்த மாதிரி வாதங்களுக்கு ஒரே ஒரு நேர்மையான சோதனைதான் உண்டு. ஆளை எடுத்துவிட்டுப் பார்ப்பது. இங்கிலாந்தில் 2015-16 சீசனில் லெஸ்டர் சிட்டி சாம்பியன் ஆனபோது வார்டியையும் மஹ்ரேஸையும்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த இருவரும் அடுத்த சீசனிலும் இருந்தார்கள். போனவர் நடுக்களத்தில் ஓடிக்கொண்டே இருந்த காண்டே. லெஸ்டர் 12ஆம் இடத்துக்கு இறங்கியது. காண்டே போய்ச் சேர்ந்த செல்சி சாம்பியன் ஆனது.

சென்னை சிட்டியில் சோதனை இவ்வளவு சுத்தமாக அமையவில்லை. ஒருவர் மட்டும் போகவில்லை, வரிசையாகப் போனார்கள். நெஸ்டர் ஹைதராபாத் எஃப்சிக்கு. எட்வின் சென்னையின் எஃப்சிக்கு. போரா ஒடிசாவுக்கு. பின்னாளில் ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருவுக்கு. ஜப்பானிய வீரர் கட்சுமி யூசா, ஸ்பெயினின் ஃபிட்டோ மிராண்டா போன்றவர்கள் புதிதாக வந்தார்கள். நல்ல வீரர்கள்தான். ஆனால் பழைய பின்னல் இல்லை. 2020 ஜனவரியில், சீசனின் நடுவிலேயே, மான்சியும் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டா அணிக்குப் போய்விட்டார்.

அந்த சீசன் கொரோனாவால் பாதியில் நின்றது. மோகன் பகான் யாரும் எட்ட முடியாத முன்னிலையோடு சாம்பியன் ஆனது. நடப்புச் சாம்பியன் சென்னை சிட்டி பட்டப் போட்டியில் பக்கத்தில்கூட இல்லை. ஆசிய அளவிலான ஏஎஃப்சி கோப்பையில் 2020 மார்ச்சில் மாலத்தீவின் மாசியாவோடு 2-2 டிரா. அதுவும் கோவையில் இல்லை, ஆமதாபாத்தில். சொந்த ஊர் ரசிகர் பார்க்காத சொந்த மண் ஆட்டம்.

யார் ஜெயித்தது வாதத்தில்? நெஸ்டரும் எட்வினும் போனதிலேயே அணி தளர்ந்துவிட்டது, மான்சி இருந்த முதல் பாதியிலும் பழைய வேகம் இல்லை என்று பார்த்தால் திட்டக் கட்சிக்கே கை ஓங்குகிறது. ஆட்ட முறை என்பது பலகையில் வரைந்த படம் மட்டும் இல்லை. அந்தப் படத்தில் நிற்கத் தெரிந்த ஆட்களும் சேர்ந்ததுதான். பலகை கோவையில் இருந்தது. ஆட்களை வைத்திருக்க முடியவில்லை.

ஏன் வைத்திருக்க முடியவில்லை?

ரசிகரின் வாதம் மைதானத்தை விட்டு வெளியே வருவது இங்கேதான். ஒரு லீக்கில் முதலிடம் வந்தால் மேலே உள்ள லீக்குக்கு ஏறலாம் என்பது உலக வழக்கம். 2019இல் இந்தியாவில் அது இல்லை. ஐஎஸ்எல்லுக்குள் நுழைய ஆட்டத்தில் ஜெயித்தால் போதாது. ஐ-லீக் சாம்பியனுக்குக் கிடைத்தது கோப்பையும், ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் ஒரு வாய்ப்பும். அந்த வாய்ப்பைப் பெற்ற கடைசி ஐ-லீக் சாம்பியனும் சென்னை சிட்டிதான். அந்த வருடமே ஐஎஸ்எல்லை நாட்டின் முதன்மை லீக்காக ஆக்கும் பாதை வரைபடத்துக்கு ஆசியக் கூட்டமைப்பு ஒப்புதல் கொடுத்துவிட்டது. அடுத்த முறை அந்த இடம் ஐஎஸ்எல் அணிக்குப் போனது.

இப்படிப்பட்ட நிலையில் ஒரு நல்ல வீரர் என்ன செய்வார்? டிவியில் அதிகம் தெரிகிற, சம்பளம் கூடுதலான லீக்குக்குத்தான் போவார். எட்வினையோ ரொமாரியோவையோ குறை சொல்ல முடியாது. அவர்கள் ஏறிப் போனார்கள். அவர்களை ஏற்றிவிட்ட கிளப்பால் ஏற முடியவில்லை.

பணமே வராத கிளப் என்றும் சொல்லிவிட முடியாது. சாம்பியன் ஆன அதே 2019இல் சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியது. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய பழக்கமுள்ள கிளப். அகாடமி, இளம் வீரர்கள் என்று பெரிய பேச்சுகள் இருந்தன. 2020-21 சீசன் கொல்கத்தா பக்கம் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் நடந்தது. அக்பர் நவாஸ் போய், இன்னொரு சிங்கப்பூர்க்காரரான சத்யசாகரா பயிற்சியாளராக இருந்தார். 2021-22 சீசனின் அணிப் பட்டியலில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்று வருடம்கூட ஆகவில்லை.

மார்ச் 9 அன்று எதிரே ஆடிய மினர்வா பஞ்சாப்பை மறந்துவிட வேண்டாம். அதுவும் சென்னை சிட்டியோடு சேர்ந்து அதே 2016-17இல் நேரடி அனுமதியில் லீக்குக்குள் வந்த அணிதான். சென்னை சிட்டிக்கு முந்தைய வருட சாம்பியனும் அதுதான். பிறகு கைமாறி ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப் ஆனது. 2022-23இல் ஐ-லீக் சாம்பியனுக்கு ஐஎஸ்எல் கதவு முதன்முறையாகத் திறந்தபோது அந்த வருடம் ஜெயித்து உள்ளே போனதும் அதே அணி. அடுத்த வருடம் முகமதன் ஸ்போர்ட்டிங். நடுவில் 2020-21, 2021-22 என இரண்டு முறை சாம்பியனான கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவுக்கும் கதவு திறக்கவில்லை. கொஞ்சம் முன்னால் ஜெயித்துவிட்டது அவர்கள் தப்பு!

மான்சியா, திட்டமா என்று கேட்கிற ஈரோட்டு ரசிகருக்கு இது கசப்பான விஷயம். ஒரு அணியின் ஆட்ட முறை சரியா தவறா என்று பேச, அடுத்த வாரம் அந்த அணி ஆட வேண்டும். நெஸ்டர் இடத்தில் யாரை இறக்கலாம், ஸ்டாப்பருக்கு முன்னால் இன்னொருவரை நிறுத்தினால் 28 கோலை 20 ஆக்கலாமா என்றெல்லாம் யோசிக்க அடுத்த சீசன் வேண்டும். இவர்களிடம் இருப்பது ஒரே ஒரு சீசன். அதைத்தான் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கிறார்கள்.

இன்று ஈரோட்டிலிருந்து தேசிய அளவிலான லீக் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க வேண்டுமென்றால் பெங்களூரு போகலாம், கோழிக்கோடு போகலாம், சென்னை போகலாம். எதற்கும் ஒருவழிப் பயணமே 200 கி.மீ.-க்குக் குறையாது. கோழிக்கோட்டு ரயிலில் போனால் கோவையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆட்டம் முடிந்து திரும்பினால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டமென்றால் திங்கட்கிழமை லீவு போட வேண்டும்.